பிஸ்தா ஊருக்கு வந்த மருமகள்

மூன்று நாளில் என் தம்பி வக்காஸ் அங்காராவிலிருந்து பதினோரு தடவை ஃபோன் செய்துவிட்டான். பதினோரு தடவையும் ஒரே பாட்டு.

"அக்கா, பிஸ்தா கூடாது. ஒண்ணு கூடக் கூடாது. பொடி கூடக் கூடாது. பிஸ்தா வெட்டின கத்தியால வெட்டின ரொட்டி கூடக் கூடாது. புரியுதா?"

"புரியுதுடா. எனக்கு என்ன காதா கேக்கல?"

"உனக்குப் புரியும். அப்பாவுக்குப் புரியுமா?"

வக்காஸ் கட்டிக்கொள்ளப்போகும் பெண் யெலிஸ், கருங்கடல் பக்கம் கிரெசுன்காரி. பிஸ்தா பட்டால் அவளுக்குத் தொண்டை வீங்கி மூச்சு நின்றுவிடும். ஒன்பது வயதில் யாரோ வீட்டுக் கல்யாண கேக்கில் ஒரு துண்டு தின்று, நீலம் பாரித்து, ஆஸ்பத்திரியில்தான் கண் திறந்தாளாம். அந்தப் பெண்ணும் அவள் அம்மா பெர்ரானும் எங்கள் வீட்டைப் பார்க்க வெள்ளிக்கிழமை வருகிறார்கள். வக்காஸுக்குச் சனிக்கிழமைதான் விடுப்பு. அதுவரை, வெள்ளிக்கிழமை முழுக்க அவர்களுக்கு ஊரைச் சுற்றிக் காட்டி, சாப்பாடு வாங்கிக் கொடுத்து, உயிரோடு வீட்டுக்குக் கூட்டி வரவேண்டியது என் பொறுப்பு.

வேறு எந்த ஊராக இருந்தாலும் எனக்கு இது ஒரு வேலையே இல்லை. இது ஆன்டெப், துருக்கியிலேயே பிஸ்தாவுக்குப் பேர்போன ஊர். பாக்லாவா இனிப்பில் பிஸ்தா, கபாபில் பிஸ்தா, காலைச் சாப்பாட்டில் பிஸ்தா. காற்றடித்தால் தெருவில் பச்சைத் தூள் பறக்கிற ஊர். இங்கே பிஸ்தா தின்னாத பெண்ணைக் கூட்டிக்கொண்டு நடப்பது, தண்ணீர் படக்கூடாதவளை மழையில் கூட்டிக்கொண்டு போவதுதான்.

அதை விட எனக்குப் பயம் என் அப்பா. பெயர் மெமிக், வயது எழுபத்தொன்று. ஊருக்கு வெளியே நானூறு பிஸ்தா மரம், எல்லாம் அவர் கையால் ஒட்டுக்கட்டியது. அவர் கோட்டின் வலது பையில் எப்போதும் ஒரு பிடி பிஸ்தா இருக்கும். எங்கள் ஊரில் விருந்தாளி 'வேண்டாம்' என்றால் மரியாதைக்குச் சொல்கிறார் என்று அர்த்தம். இரண்டாவது முறை 'வேண்டாம்' என்றால் வெட்கப்படுகிறார் என்று அர்த்தம். மூன்றாவது முறை யாரும் கேட்பதில்லை, கையால் எடுத்து வாயில் வைத்துவிடுவார்கள். அப்பா இதில் ஊருக்கே பெரிய ஆள்.

விஷயத்தைச் சொன்னபோது அவர் சிரித்தார். "எனக்கு எழுபத்தொரு வயசு. பிஸ்தா தின்னு செத்தவனை நான் பாத்ததே இல்ல. கிடைக்காம ஏங்கிச் செத்தவனைத்தான் பாத்திருக்கேன். அவ ஊர் ஹேசல்நட் அவளுக்கு ஒத்துக்குதாமா?"

"அது ஒத்துக்குமாம்."

"பாத்தியா! அவ ஊர்க் கொட்டை ஒத்துக்கும், நம்ம ஊர்க் கொட்டைதான் ஒத்துக்காது. இது வியாதி இல்ல சபாஹத், கிரெசுன்காரன் திமிர்."

பெர்ரான் அம்மாவிடம் ஃபோனில் பேசும்போதும் அப்பா வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. "ஒரு வாரம் என்கிட்ட விடுங்க சம்பந்தியம்மா, ஒரு மூட்டை தின்ன வெச்சு அனுப்பறேன்" என்றார். அந்தப் பக்கம் சிரிப்பே கேட்கவில்லை.

இரண்டு நாள் என் அழகு நிலையத்தைப் பூட்டிவிட்டு வீட்டைக் கழுவினேன். டப்பா, மூட்டை, அம்மி, அரவை இயந்திரம் எல்லாம் பக்கத்து வீட்டுக்குப் போயின. கத்திகளைக் கொதிக்க வைத்தேன். அப்பாவின் கோட்டை வெளுக்கப் போட்டேன், அவர் கத்தினார், நானும் கத்தினேன். கடைசியாக விருந்தாளி குளியலறையில் புதுத் துண்டும், தலைக்குத் தேய்க்க எங்கள் ஊரில் எல்லோரும் வைத்திருக்கும் பச்சைச் சோப்பில் புதிது ஒன்றும் உறை பிரித்து வைத்தேன். வீடு மருந்துக்கடை மாதிரி மணத்தது. எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

வெள்ளிக்கிழமை காலை அப்பா தொப்பியோடு வாசலில் நின்றார்.

"நீங்க தோட்டத்துக்குப் போங்கப்பா" என்றேன். "சாயங்காலம் குளிச்சுட்டு வந்து பாருங்க."

"நானும் வரேன். கடைத்தெருவுல எனக்குத் தெரியாதவன் எவன்?"

"அதான் பயம். நீங்க கூட வந்தா நான் ஊரைப் பாப்பேனா, உங்க கையைப் பாப்பேனா?"

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "என்ன, கூட வந்தா கொன்னுருவேன்னு சொல்றியா?"

நான் குனிந்து செருப்பை மாட்டினேன். அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

யெலிஸ் நான் நினைத்த மாதிரி நோஞ்சான் இல்லை. நெடுநெடு என்று வளர்ந்து, வாய் நிறையச் சிரிக்கிற பெண். விமான நிலையத்தில் கட்டிப்பிடித்த கையோடு, இடுப்பில் தொங்கிய சிவப்புப் பையைத் திறந்து காட்டினாள். உள்ளே பேனா மாதிரி ஒரு ஊசி.

"அக்கா, இதை மட்டும் கத்துக்கோங்க. நீல மூடியை இழுக்கணும். ஆரஞ்சு முனையைத் தொடையில ஓங்கிக் குத்தணும். துணி மேலேயே குத்தலாம். பத்து எண்ணணும். எடுக்கணும். அவ்ளோதான்."

"அதெல்லாம் தேவையே படாது" என்றேன்.

"பத்து மெதுவா எண்ணணும்" என்றார் பெர்ரான் அம்மா. தபால் அலுவலகத்தில் முப்பது வருடம் இருந்தவர். முத்திரை குத்துகிற மாதிரித்தான் பேசுவார். "பயத்துல எல்லாரும் வேகமா எண்ணிடுவாங்க."

காலைச் சாப்பாட்டுக்குப் பெய்ரான் சூப். ஆட்டிறைச்சி, அரிசி, பூண்டு, மிளகாய், அதில் வேறு ஒன்றும் கிடையாது. ஆனாலும் சமையல் அறைக்குள் போய்ப் பாத்திரத்தை எட்டிப் பார்த்தேன். சமையல்காரர் கரண்டியை ஆட்டினார்: "நீ என்ன சபாஹத், சுகாதார இலாகாவுல சேந்துட்டியா?" யெலிஸ் இரண்டு கிண்ணம் குடித்தாள். மூக்கில் நீர் வழிய, "வக்காஸ் ஏன் இந்த ஊரை விட்டுட்டு அங்காராவுல காஞ்ச ரொட்டி திங்கறான்?" என்றாள். அந்த நிமிஷமே எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. பிடித்ததும் பயம் இரண்டு மடங்கானது.

கோட்டையைச் சுற்றினோம். பழைய சத்திரத்தின் கல் முற்றத்தைப் பார்த்தோம். இனிப்புக் கடை வந்தபோதெல்லாம் எதிர்ச் சாரிக்குக் கடந்தேன். ஒரே தெருவை ஏழு தடவை கடந்திருப்போம். கடைத்தெருவுக்குள் போனதும் மசாலாக்காரர் ஒருவர், என் அப்பாவுக்குத் தெரிந்தவர்தான், பச்சைப் பிஸ்தா உருண்டையை நீட்டிக்கொண்டு யெலிஸின் வாய்க்கு நேராக வந்தார்.

"ஒண்ணே ஒண்ணு மகளே. மெமிக் வீட்டு மருமகளா? அப்ப ரெண்டு!"

"வேண்டாங்க" என்றாள் யெலிஸ்.

"வெக்கப்படாத!"

நான் அவர் கையைத் தட்டிவிட்டேன். உருண்டை கல் தரையில் விழுந்து உருண்டது. அந்தத் தெருவில் ஒரு பெண் ஒரு பெரியவர் கையைத் தட்டிவிட்டதை யாரும் பார்த்திருக்கமாட்டார்கள். அவர் வாயைத் திறந்தபடி நின்றார்.

"உனக்கென்ன பேயா பிடிச்சிருக்கு?"

"ஆமா, பிடிச்சிருக்கு. தள்ளுங்க" என்று சொல்லி யெலிஸை இழுத்துக்கொண்டு நடந்தேன். பெர்ரான் அம்மா முதல் முறையாக என்னைப் பார்த்துத் தலையசைத்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தப் பெருமையை இப்போது நினைத்தால் கூசுகிறது.

மிளகாய் அரைக்கிற சந்து வழியாகப் போகும்போது யெலிஸுக்கு இருமல் பிடித்துக்கொண்டது. அவள் முகவாயைப் பிடித்துத் தூக்கி உதட்டைப் பார்த்தேன், நாக்கை நீட்டச் சொன்னேன், கழுத்தைத் தொட்டேன். அவள் இருமலுக்கு நடுவே சிரித்தாள்.

"மிளகாய்க்கா! நீங்களும்தான் இருமறீங்க!"

ஆமாம், நானும்தான் இருமிக்கொண்டிருந்தேன். ஆனாலும் அவளுக்குத் தொண்டை கரகரவென்றே இருந்தது. பாத்திரக்காரர் தெருவில் ஓக்கெஷ் என்பவரின் காப்பிக்கடை இருக்கிறது. அங்கே உட்காரவைத்தேன். எதிரே செம்புப் பாத்திரங்களைச் சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தார்கள். பெர்ரான் அம்மா ஒரு குடத்தைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று எதிர்க்கடைக்குப் போனார்.

"தொண்டைக்கு என்ன குடுக்கலாம் ஓக்கெஷ்?" என்று நான்தான் கேட்டேன். அவர் வாயைத் திறக்கும் முன் பதிலையும் நானே சொன்னேன். "மெனெங்கிச் போடு. பால்ல காய்ச்சு."

எங்கள் வீட்டில் யாருக்கு இருமல் வந்தாலும் அதுதான். மலையில் தானாக முளைக்கிற மரத்துக் காயை வறுத்து அரைத்தது. கைக்குழந்தைக்கும் ஒரு கரண்டி ஊற்றுவோம்.

"மேல பிஸ்தாப் பொடி தூவுவியே, அது கூடாது" என்றேன். "பாத்திரத்தைக் கழுவு. கரண்டியும் புதுசா எடு." அடுப்புக்குப் பக்கத்திலேயே நின்று கண்கொத்திப் பாம்பாகப் பார்த்தேன். ஒரு தூசி விழவில்லை. கோப்பையை நானே எடுத்து வந்து அவள் முன் வைத்தேன்.

யெலிஸ் முகர்ந்து பார்த்தாள். "என்னக்கா இது? காப்பியா?"

"காப்பிக்கொட்டையே கிடையாது. காட்டுக் காய். நெஞ்சுக்கு நல்லது."

"பிஸ்தா இல்லையே?"

"வாசம் கூடக் கிடையாது. நான்தான் பக்கத்துல நின்னேனே."

அவள் என்னை நம்பினாள். பாதிக் கோப்பை குடித்து, "நல்லாருக்கே" என்று உதட்டு நுரையைத் துடைத்தாள். பிறகு உதட்டைச் சொறிந்தாள்.

"மிளகாய் பட்டிருக்கும்" என்றேன்.

அவள் காதைச் சொறிந்தாள். இருமினாள். "மிளகாய்தான்" என்று மறுபடி சொன்னேன். அவள் பேச வாயெடுத்தாள். வந்தது அவள் குரலே இல்லை, யாரோ வாயில் துணியை அடைத்த மாதிரி இருந்தது. கழுத்தில் சிவப்புத் தடிப்புகள் ஒன்றோடொன்று சேர்ந்து முகத்துக்கு ஏறின. மேல் உதடு என் கண் முன்னால் தடித்தது. இரண்டு கையாலும் மேசையைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. காப்பாற்று என்றுதான் இருந்தது.

சிவப்புப் பையின் ஜிப் திறக்கவில்லை. பல்லால் இழுத்துத் திறந்தேன். நீல மூடி. ஆரஞ்சு முனை. அவள் தொடையில், ஜீன்ஸ் மேலேயே, ஓங்கிக் குத்தினேன். எங்கோ ஒரு சொடுக்குக் கேட்டது. ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்தேன். பெர்ரான் அம்மா சொன்னது நினைவுக்கு வந்து, மூன்றை மெதுவாகச் சொன்னேன். நாலு. அவள் மூச்சு விசில் அடித்தது. ஐந்து. ஓக்கெஷ் ஃபோனில் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுக் கத்தினார். ஆறு. எதிரே ஒரு சுத்தியல் நின்றது. இன்னொன்று நின்றது. என் நாற்பத்தொரு வருடத்தில் அந்தத் தெருவில் எல்லாச் சுத்தியலும் நின்று நான் பார்த்ததில்லை. அந்த அமைதியைக் கேட்டுத்தான் பெர்ரான் அம்மா குடத்திலிருந்து தலையைத் தூக்கினார்.

பத்து சொல்லும்போது அவர் என் முன்னால் நின்றார். கத்தவில்லை. மகளைத் தரையில் படுக்கவைத்து, இரண்டு காலையும் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டார். "என்ன குடுத்தீங்க?" என்று மட்டும் கேட்டார்.

ஆம்புலன்ஸ் அந்தச் சந்துக்குள் வராது. பாத்திரக்காரர்கள் ஆறு பேர் காப்பிக்கடைப் பலகையோடு அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நான் அவள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன்.

ஆஸ்பத்திரியில் இன்னொரு ஊசி போட்டு, மூக்கில் குழாய் வைத்து, கதவை மூடினார்கள். என்ன சாப்பிட்டாள் என்று நர்ஸ் கேட்டபோது, நான் பேசும் முன் பெர்ரான் அம்மா பேசினார்.

"பிஸ்தா. யாரோ கலந்திருக்காங்க." பிறகு என் பக்கம் திரும்பினார். "உங்கப்பாதானே? அந்தக் காப்பிக்கடைக்காரர் அவருக்குத் தெரிஞ்சவர்தானே? ஒரு மூட்டை தின்ன வெக்கறேன்னு சிரிச்சாரே."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏனென்றால் நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். என் கண் முன்னால் ஒரு தூசி விழவில்லை. அப்படியானால் பொடியிலேயே முன்கூட்டிக் கலந்திருக்கவேண்டும். சொன்னது யார்? கடைத்தெருவில் எனக்குத் தெரியாதவன் எவன் என்று காலையில் கேட்டாரே!

படிக்கட்டில் நின்று அப்பாவுக்கு ஃபோன் செய்தேன். "ஓக்கெஷ் கிட்ட என்ன சொல்லி வெச்சீங்க? அவ உள்ள சாகக் கெடக்கறா! உங்களுக்கு இப்ப சந்தோஷமா?" என்று, இதுவரை அவரிடம் பேசாத பேச்செல்லாம் பேசினேன். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "எந்த ஆஸ்பத்திரி?"

அரை மணியில் வந்தார். உள்ளே வரவில்லை. வாசலில், கோட்டு இல்லாமல், சட்டைக் கையை முழங்கை வரை மடித்துக்கொண்டு நின்றார். கையெல்லாம் சிவந்திருந்தது. வழியில் குழாயில் நின்று மணலைப் போட்டுத் தேய்த்திருக்கிறார்.

"நான் கிட்ட வரல. தோட்டத்துத் தூசி இருக்கும்" என்றார். "மூச்சு விடறாளா?"

"விடறா. இன்னும் பாத்துட்டிருக்காங்க."

"நான் யார்கிட்டயும் ஒண்ணும் சொல்லல சபாஹத். என்ன குடிச்சா?"

"மெனெங்கிச். பால்ல."

அவர் முகத்தில் இருந்த கோபம் எல்லாம் அப்படியே வடிந்தது.

"நம்ம நானூறு மரத்துக்கும் அடியில என்ன இருக்கு?" என்று கேட்டார்.

மெனெங்கிச். மலைச்சரிவில் தானாக முளைத்த மெனெங்கிச் கன்றை வெட்டி, அதன் மேல்தான் பிஸ்தா மொட்டை வைத்து ஒட்டுக்கட்டுவார். பத்து வயதில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, கட்டுகிற நாரை எடுத்துக் கொடுத்தது நான்தான். இரண்டும் ஒரே ஜாதி, அதனால்தான் ஒட்டுகிறது. எனக்கு இது தெரியும். இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும், பிஸ்தா என்றால் பச்சையாக மேலே காய்ப்பது, மெனெங்கிச் என்றால் இருமல் மருந்து என்று எங்கள் எல்லோருக்கும் பழகிவிட்டது.

"என்னைக் கூட்டிட்டுப் போயிருந்தா…" என்று ஆரம்பித்தார். முடிக்கவில்லை. குத்திக்காட்டச் சொல்லவில்லை, அவருக்கே அது அப்போதுதான் தோன்றியிருந்தது. பிறகு குரலைத் தாழ்த்தினார். "அந்தம்மா என்னைத்தானே நெனச்சுட்டிருக்காங்க? நெனச்சுட்டுப் போகட்டும். கிழவன் புத்தி கெட்டுப் பண்ணிட்டான்னு விட்டுருவாங்க. நீ பண்ணினேன்னா கல்யாணம் நின்னுரும்."

எனக்கு ஆசையாக இருந்தது. பொய் சொல்லமாட்டேன், அந்த ஒரு நிமிஷம் ஆசையாகத்தான் இருந்தது. யாரோ பிஸ்தா கலந்தார்கள் என்றே இருந்துவிட்டால் எனக்கு நல்லது. ஆனால் நாளைக்கே யாராவது அவளுக்கு இருமலுக்கு இதைக் காய்ச்சிக் கொடுப்பார்கள். அவளும் பிஸ்தா இல்லையே என்று கேட்டுவிட்டுக் குடிப்பாள்.

உள்ளே போனேன். கதவைத் திறந்துவிட்டிருந்தார்கள். யெலிஸ் கண்ணை மூடிப் படுத்திருந்தாள், உதடு இன்னும் வீங்கியிருந்தது, மார்பு ஒழுங்காக ஏறி இறங்கியது. பெர்ரான் அம்மா அவள் கையைப் பிடித்திருந்தார்.

"எங்கப்பா இல்லை" என்றேன். "யாரும் ஒண்ணும் கலக்கல. நான்தான் குடுத்தேன். மெனெங்கிச்சும் பிஸ்தா ஜாதிதான். எனக்குத் தெரியும், நெனச்சுப் பாக்கல."

கன்னத்தில் ஓர் அறை விழும் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் மகளின் கையை விடாமல் நிமிர்ந்தார்.

"நெனச்சுப் பாக்காதது இன்னும் என்னென்ன இருக்கு?" என்று கேட்டார்.

"எனக்குத் தெரியாது" என்றேன். வெட்கமாக இருந்தது. "அப்பாவுக்குத் தெரியும். வாசல்ல நிக்கறார். தூசி இருக்கும்னு வரமாட்டேங்கறார்."

"கதவு கிட்ட நிக்கச் சொல்லுங்க."

அப்பா வந்து வாசற்படிக்கு வெளியே நின்றார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். படுக்கையைப் பார்த்ததும் அவர் தாடை ஆடியது. பெர்ரான் அம்மா கைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார், எழுதுகிற பேனாவை, மருந்துச் சீட்டின் பின்பக்கத்தைத் திருப்பினார்.

"சொல்லுங்க."

"மெனெங்கிச் காப்பி" என்றார் அப்பா. "மலை ஊர்ல அதைப் போட்டு ரொட்டி சுடுவாங்க, அது. பால் இனிப்புல, ஐஸ்கிரீம்ல வாசனைக்கு மரப்பிசின் போடறாங்களே, அந்த மரமும் இதோட சொந்தக்காரன்தான், அதையும் எழுதுங்க. அப்புறம்…" கண்ணை மூடி யோசித்தார். தன் தோட்டத்து மரங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கிறார் என்று தோன்றியது. "சோப்பு."

"எந்தச் சோப்பு?"

"தலைக்குத் தேய்க்கிற பச்சைச் சோப்பு. மெனெங்கிச் எண்ணெய்ல காய்ச்சறது. எங்க ஊர்ல அது இல்லாத வீடே கிடையாது."

பெர்ரான் அம்மா எழுதிக்கொண்டிருந்தார். அப்பா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். என் முகத்திலேயே அவருக்கு விஷயம் தெரிந்துவிட்டது.

"எங்க வெச்சிருக்க?" என்று கேட்டார்.

"அவ குளியலறையில" என்றேன். "உறை பிரிச்சு வெச்சிருக்கேன்."